ஏழாம் கணக்கு, இரண்டாம் பிரிவு

நான்கு கடிதம். நான்கு உறை. ஆளுக்கு ஒன்று.
கவனமில்லாத ஓர் எழுத்தர்
கண்ணை மூடிக்கொண்டு செருகுகிறார்.
ஒன்றுகூட உரியவரைச் சேராதபடி
எத்தனை வழி?

மாரிபோர் நகரத்தில் தபால்காரி நான்.
இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் அவமானம்.
கொரோஷ்கா தெருவில் பத்தொன்பது ஆண்டு
மஞ்சள் மொப்பெட்டில் போய்வருகிறேன்.
நாற்பத்தாறு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து
தனிநிலைக் கணிதத்தை
இரண்டாம் முறை எழுதப்போகிறேன்.

எழுத்தரின் பெயரைத் தாள் சொல்லவில்லை.
கடிதத்துக்குள் என்ன என்றும் கேட்கவில்லை.
அ, ஆ, இ, ஈ என்று எழுதப் பிடிக்காமல்
ஒரே கட்டடத்தின் நான்கு பேரை எடுத்தேன்:
வயலின் பழுதுபார்க்கும் ஃப்ளோர்யான்,
ஹங்கேரியிலிருந்து வந்த மக்டொல்னா,
எங்கே வண்டி நிறுத்தினாலும் அபராதம் வாங்கும் ஜிகா,
விதைப் பட்டியல் வரவழைத்து
எதையுமே நடாத ஒட்டிலியா.

சனி இரவு பதினொன்று. திராவா ஆற்றின் மேல் மூடுபனி.
சமையல் மேசையில் நாலு பெட்டி வரைந்து
பென்சிலால் தவறு செய்தேன்,
வேலையில் எனக்கு வாய்க்காத நிதானத்தோடு.
ஜிகாவின் அபராதம் ஒட்டிலியாவிடம்.
அவள் அதைத் திறக்கவே மாட்டாள்.
சரி, அடுத்தது.

ஒன்பது.
அதில் மூன்றில்
இருவர் இருவராக மாடிப்படியில் நின்று
மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.
மீதி ஆறில்
என்னுடையது உன்னிடம், உன்னுடையது வேறெங்கோ.
நாலு கதவும் திறந்தால்தான்
நாலு பேருக்கும் நிம்மதி.

போன தாளில் உர்பான், திருத்துகிறவன், என் மகன் வயது,
பச்சை மையில் எழுதியிருந்தான்:
'பட்டியல் நிரூபணம் ஆகாது. பொதுவாகச் சொல்லுங்கள்.'
ஐந்து கடிதமென்றால் நாற்பத்துநாலு, அதுவரை போட்டுவிட்டேன்.
பொதுவாக எனக்கு யாரையும் தெரியாது, உர்பான்.

இரண்டாம் பிரிவு:
சரியாக ஒரே ஒரு கடிதம் மட்டும்
தவறிப்போக எத்தனை வழி?

நாலு, என்று எழுதினேன் யோசிக்காமல்.
பின்பக்கம் விடை: பூஜ்யம்.
மூன்று சரியென்றால்
நாலாவதற்கு மிச்சமிருப்பது அதன் வீடுதான்.
தவறு ஒருபோதும் தனியாகப் போவதில்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஏழு ஆண்டுக்கு முன் ஒரு பிப்ரவரி,
விரல் மரத்துப்போன காலை.
ஃப்ளோர்யானின் மருத்துவமனைக் கடிதத்தை
மக்டொல்னாவின் பெட்டியில் போட்டேன்.
மறுநாள் அவள் தொலைபேசினாள்:
'நானே கொடுத்துவிடுகிறேன், எதிர்க் கதவுதானே.'
பதிவேட்டில் எழுதினேன்: தவறு, ஒன்று.
இத்தனை காலமும்
அந்த ஒன்றோடு குடும்பம் நடத்தினேன்.

அன்று அந்தக் கட்டடத்துக்கு நாலே கடிதம்.
பெட்டிக்கு ஒன்று போட்டது நினைவிருக்கிறது.
அப்படியானால்
மக்டொல்னாவுடையது எங்கே போனது?
யாரும் புகார் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆறு ஆண்டாக அங்கே மூன்று பெட்டிதான்.
ஒன்றில் இரண்டு பெயர், ஒரே கையெழுத்தில்.
ஃப்ளோர்யான், மக்டொல்னா.
தினமும் அதில் போட்டுவிட்டு
அடுத்த கதவுக்குப் போகிறேன்.
ஆளுக்கு ஒன்று என்று தாள்
முதல் வரியிலேயே நிபந்தனை போட்டுவிட்டது;
இதை எழுத அதில் இடமில்லை.

திங்கட்கிழமை கேட்கலாம்.
கேட்கமாட்டேன்.

கடைசிப் பிரிவு:
கடிதமே இல்லை, உறையே இல்லை. எத்தனை வழி?
பூஜ்யம் போடக் கை போனது. நிறுத்தினேன்.
விடிந்தால் ஞாயிறு.
மொப்பெட் முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கும்.
தெரு முழுக்க ஒருவருக்கும்
தவறான கடிதம் வராது.
அப்படியும் ஒரு நாள் இருக்கத்தானே செய்கிறது.

ஒன்று, என்று எழுதி
விளக்கை அணைத்தேன்.