மற்றத் திறப்பு

மாங்குளம் சந்தி தாண்டித் துணுக்காய்ப் பக்கம்
கேதீசின் கராச்.
தகரத்தின் கீழ் இரண்டு கார்.

ஒன்று லான்சர், எண்பத்துமூன்று, பெற்றோல்.
மற்றது சன்னி, டீசல்.
சனி என்றுதான் அவன் வாயில் வரும்.
"சனியைக் காசு குடுத்து வாங்கக்கூடாது எண்டுவினம்.
ஆனா அக்கா, டீசல்.
உங்களுக்குப் பிறகும் ஓடும்."

எதை எடுத்தாலும் இருபது வருசம் வைத்திருந்தால்
கொழும்பிலிருந்து ஆள் தேடி வருமாம்,
சொன்ன விலைக்கு.
என் மனுசன் விரல் மடிக்கிறார்:
லீற்றருக்கு எத்தனை, வரி எத்தனை,
வரிசையில் நின்ற வருசம் எது முதலில் தீர்ந்தது.

நான் லான்சரின் பொனற்றைத் தூக்கிக்
காபரேற்றரை மணந்து பார்த்தேன்.

ஓமந்தைக்கு இங்கால பெற்றோல் வராத நாளில்
சேலைன் போத்தலிலிருந்து ஊசியால் உறிஞ்சி
நாலு துளி விடுவேன்.
இருமி எழும்பும்.
பிறகு மண்ணெண்ணெய்.
ஏமாந்தது தெரிந்தும் ஓடும்,
வெள்ளைப் புகை கக்கி
ஆஸ்பத்திரி வாசல்மட்டும்.
டீசலுக்கு அந்தக் குணம் இருக்கோ தெரியாது,
நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

அது சமாதான காலத்தில் புதிதாய் எடுத்த கார்.
பழசாக அதற்கு நேரம் கிடைக்கவில்லை.
இரட்டைவாய்க்காலில் திறப்பை அதிலேயே விட்டு
நடந்தோம்.

"இருபது வருசம், அக்கா," என்கிறான் கேதீஸ் திரும்பவும்.
அவனுக்கு அது விலை.

"லான்சர்," என்றேன்.
மனுசனின் விரல்கள் பாதியில் நின்றன.

"மற்றத் திறப்பும் இருக்கோ?
இருந்தால் எடு.
ரெண்டும் வேணும்."