ரெண்டு விரல் உயரம்

ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
கியர் கிடையாது. ஸ்டாண்டு தனி, பெல் தனி.
மட்கார்டு எங்கே என்றதற்குக் கடைக்காரர்
"அது வேற மாடல்மா" என்றார்.
மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் வீடு,
காந்தி ரோட்டில் லாட்ஜ்,
நடுவில் எட்டு கிலோமீட்டரும் பாலாறும்.
காலை ஆறுக்கு நான் ரிசப்ஷனில் உட்கார்ந்தால்தான்
ராத்திரிக்காரர் எழுந்து போக முடியும்.

முதல் வாரமே பெடல் 'கடக்' என்றது.
சுற்றுக்கு ஒரு கடக்.
பாலாற்றுப் பாலம் நூற்றெழுபது கடக் நீளம்.
எண்ணியிருக்கிறேன்,
பார்ப்பதற்கு ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில்.

சைதாப்பேட்டை இம்தாதுல்லா
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்,
சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார்.
"பிபி செட்டு போச்சு.
புதுசுலயே போனதுதான் மாட்டிக்கீறான்."
முந்நூற்று எண்பது.
மழைக்கு முன்னால் பிரேக் கட்டை, நூற்றறுபது.
இருக்க முடியாத சீட்டுக்குப் பதில் ஜெல் சீட்,
அதுவும் வெயிலில் உருகிக் குழைந்ததால் இன்னொரு சீட்.
டயர் ரெண்டு. பெடல். கடைசியில் அந்த மட்கார்டும்.
பதினெட்டுப் பல் பிரீவீலைக் கழற்றி
இருபது பல் போட்டது மேம்பாலத்துக்காக.
மேம்பாலம் கொஞ்சம் இளகியது.
சமதரையில் என் கால்கள் மட்டும் வேகமாகச் சுற்ற
ஸ்கூல் பையன்கள் பேசிக்கொண்டே முந்திப் போனார்கள்.

எல்லாவற்றையும் லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
மாடி பெருக்க வரும் பூங்காவனம் எட்டிப் பார்த்துக் கூட்டினாள்:
"நாலாயிரத்து நூறு.
மேல கொஞ்சம் போட்டா பழைய ஸ்கூட்டியே வந்திருக்குமேக்கா,
இன்னாத்துக்கு இது?"
முழங்கால் வலியை அவளிடம் சொல்லவில்லை.
அது அந்தப் பக்கத்தில் ஏறாத செலவு.

இருநூற்றேழில் முர்ஷிதாபாத்காரர்கள்.
தபன் மண்டல், மனைவி ரீனா.
பத்து நாள் என்று வந்தது நாற்பதானது.
ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி
எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பார்.
என் வங்காளம் அறை வாடகையோடு நின்றுவிடும்.
அவர் தமிழில் தண்ணி, லிஃப்ட், எவ்ளோ.
என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போவார்
மருந்துக்கு, மீனுக்கு,
ஒரு முறை எதற்கும் இல்லை, கோட்டை அகழியோரமாகச் சும்மா.

ஒரு மதியம் சாவியைத் தராமல்
என்னை ஏறி உட்காரச் சொன்னார்.
குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார்.
மடிந்தே இருந்த என் முழங்காலைப் பார்த்து
நாக்கைச் சப்புக் கொட்டினார்.
ஸ்பேனர். நட்டு. சீட்டை ரெண்டு விரல் தூக்கினார்.
அவ்வளவுதான்.

அன்று மேம்பாலத்தில் நான் இறங்கித் தள்ளவில்லை.
கீழே கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது,
கடைசிப் பெட்டிவரை பார்த்துக்கொண்டே ஏறினேன்.
இறக்கத்தில்தான் முழங்காலின் ஞாபகம் வந்தது.

மறுநாள் ரீனா கீழே வந்தார்,
தலையில் துணி சுற்றி, படி படியாக நின்று,
கையில் நகப்பாலிஷ்.
சீட்டுக் கம்பியில் ஒரு கோடு இழுத்தார்,
இறங்கினால் தெரிய வேண்டுமாம்.
கை நடுங்கிக் கோடு வளைந்துபோனது.
ஊதி ஊதிக் காயவைத்தார்.
ஊதியதிலேயே மூச்சு வாங்கியது.

அவர்கள் காலி செய்தது என் லீவு நாளில்.
லெட்ஜரில் தபனின் கையெழுத்து மட்டும்.
சேரும் ஊருக்குக் கட்டம் இருக்கிறது,
எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு இல்லை.
ராத்திரிக்காரரைக் கேட்கலாம்.
தினமும் காலை ஆறு மணிக்கு
அவர் எழுந்து போக, நான் உட்காருகிறேன்.

போன வாரம் செயின் மாற்றக் கொடுத்தேன்.
இம்தாதுல்லாவின் பையன் சீட்டை அடிவரை இறக்கியிருந்தான்.
"லேடீஸ்க்கு இதாங்கா கரெக்ட்டு."
கடை வாசலிலேயே ஸ்பேனரை வாங்கி
கிரீஸைத் துடைத்துத் தேடினேன்.
இருந்தது, ஓரம் உரிந்து.
அதுவரை தூக்கி, இறுக முறுக்கினேன்.

செயின் இருநூற்று இருபது.
இன்னும் எழுதவில்லை.