லிப் வரலை

நீலிமா பட்வர்தன் இறந்த அன்று
எல்லாச் சேனலிலும் அவர் முகம்.
தமிழில் மட்டும்
எஸ்தரக்காவின் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அந்தேரியில், ஓஷிவாரா சந்தில்
மூன்றாம் மாடி ஸ்டுடியோவில்
வடாபாவ் எண்ணெய் விரலோடு
ரிமோட்டைப் பிடித்தபடி நின்றேன்.
எஸ்தர் செல்வராணி இறந்து
அன்றைக்கு இரண்டு மாதம், பதினோரு நாள்.
சயான் ஆஸ்பத்திரி. அடைமழை.
தாராவி சர்ச்சில் நாற்பது பேர் இருந்திருப்போம்.
சேனல்காரர் யாரும் வரவில்லை.
வந்திருந்தாலும்
எந்த முகத்தைக் காட்டுவது?

ஆறு வருஷம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எபிசோடு,
ஒன்றுக்கு நானூற்றைம்பது ரூபாய்.
வவுச்சரில் மாதாமாதம்
'ஈஸ்டர்' என்றே எழுதுவார் கணக்குப் பிள்ளை.
"உயிர்த்தெழுந்த நாளத்தான எழுதிருக்காரு,
எழுதட்டும்" என்று கையெழுத்துப் போடுவார்.

மாஹிமில் எட்டு பன்னிரண்டு ஸ்லோ.
உள்ளே வந்ததும் வளையல் இரண்டையும் கழற்றிக்
கைக்குட்டையில் முடிவார்.
அவ்வளவுதான்.
தொண்ணூறடி ரோட்டு மருமகள் போய்
உதய்ப்பூர் அரண்மனை மாமியார்
ரத்னாவதி தேவி வந்துவிடுவார்.

இந்தியில் அந்தம்மா வாயைச் சட்டென்று மூடும்.
நம் வசனகர்த்தா ஒரு முழம் எழுதிவைத்திருப்பார்.
எஸ்தரக்கா பேப்பரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
"போ" என்று மட்டும் சொல்லுவார்.
மிச்சத்தை மூக்கால் இழுத்த மூச்சில் வைப்பார்.
மருமகள் நிஜமாகவே போய்விடுவாள்.

அழுகைக் காட்சி வந்தால் ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்.
"இந்தம்மாவுக்கு வீட்டு வாடக உண்டா தம்பி?"
இல்லைக்கா, சொந்த அரண்மனை.
"அப்பச் சரி. கொஞ்சம் நிதானமா அழலாம்."

சென்னையில் ஒரு விழா.
தமிழகத்தின் அன்பு மாமியார் என்று விருது.
நீலிமா மேடையேறி, கைகூப்பி,
வணக்கம் என்றார், கீச்சுக் குரலில்.
கூட்டம் சலசலத்தது.
"இது டூப்ளிகேட்" என்றாராம் முன்வரிசைப் பெண்.
யூடியூபில் அதை எஸ்தரக்காவுக்குக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
"பாவம், எவ்வளவு ஒல்லியா இருக்கா" என்றார்.

அஞ்சலியில் அவர்கள் போட்டது
தொள்ளாயிரத்து முப்பதாவது எபிசோடு.
'நான் போனப்புறம் இந்தக் கதவச் சாத்தாத.'
எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறது.
'போனப்புற'த்துக்கும் 'இந்த'வுக்கும் நடுவில்
ஓர் இருமல்.
வெட்டினேன்.
ஒட்டு தெரியாமல், சுத்தமாக.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அது வெறும் தொண்டைக் கரகரப்பு இல்லை என்று
எக்ஸ்ரே சொன்னது
ஏழு மாதம் கழித்து.

சாயங்காலம் மகள் ஜாஸ்மின் போன் செய்தாள்.
"டிவியில அம்மா பேசுனாங்கண்ணே."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அதில்லாம...
எங்கம்மாவா பேசினது ஏதாச்சும் இருக்கா?
வீட்டுல நாங்க ஒண்ணும் எடுத்து வைக்கல."

ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் இறக்கினேன்.
சபிக்கிறார். ஆசீர்வதிக்கிறார்.
விஷம் வைக்கிறார். காசிக்குப் போய் வருகிறார்.
மூன்று தரம் சாகிறார், ஒரு தரம் பொய்யாக.
எல்லாம் ரத்னாவதி.

டேக்குகளுக்கு நடுவில்
வீணென்று ஒதுக்கிய துணுக்குகளில்
கொஞ்சம் கிடைத்தார்.
கைக்குட்டை முடிச்சு அவிழும் சத்தம்.
'லிப் வரலை தம்பி, இன்னொருக்கா போலாம்.'
'ஏசிய கொற.'
'தண்ணி.'
இருமல்.

மொத்தம் நாற்பத்தொரு விநாடி.
இருமலை விட்டுவைத்தேன்.
அனுப்புவதற்கு முன்
ஹெட்போனில் ஒருமுறை கேட்டேன்.
முப்பதாவது விநாடி வாக்கில்
'மணி என்னாச்சு தம்பி' என்கிறார்.
கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து
நான் ஏதோ சொல்லியிருப்பேன்.
மைக் அவர் பக்கம்தான் இருந்தது.
பதிவாகவில்லை.