வட்டம் விட்ட இடம்

சீனம் வரை போயாவது இல்மைத் தேடு என்பார்கள்.
நபிமொழியா, வெறும் பழமொழியா,
ஆலிம்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.
சீனத்திலேயே பிறந்துவிட்டவள்
எங்கே போவாள்?

பின்சந்துக்குப் போனாள் ஷா குய்யுன்,
ஐம்பத்து மூன்றாம் வயதில்.
அங்கே பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல்,
கரியடுப்பு ஒன்று, ஆறு முக்காலி.

ஹெனானில் மூன்றரை மணி இன்னும் இரவுதான்.
மஞ்சள் நதிக் காற்று தகரக் கதவைத் தட்டும்.
அவள் மாவு சலிப்பாள்.
கொழுக்கட்டைக்குத் தோல் தேய்த்து விற்கிற கடை,
நாளைக்கு நாலாயிரம் வட்டம்.
ஒளுச் செய்த கை காய்வதற்குள்
பலகையில் சிந்திய மாவில்
ஒரு கோடு இழுப்பாள்: அலிஃப்.
பக்கத்தில் ஒரு படகு, அடியில் புள்ளி.
உருளைக்கட்டை வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போகும்.
ஆட்டுக்கறியும் வெங்காயத்தாளும் பொதிந்து
ஊர் தின்னும்
அவளுடைய நேற்றைய பாடத்தை.

ஆஹோங் பா வென்ஜிங்குக்கு வயது இருபத்தேழு.
தடித்த கண்ணாடி.
"தொண்டையிலிருந்து வரணும், சித்தி.
இன்னும் கீழே. இன்னும்."
குய்யுனின் தொண்டையில் அந்த எழுத்து
மீன்முள் மாதிரி புரண்டு
வராமலே போய்விடும்.

அம்மா விட்டுப்போன நோட்டு ஒன்று இருந்தது.
அம்மாவுக்கு அரபு தெரியாது.
சீன எழுத்து, கூட்டுறவுக் கடைக் கணக்குக்குப்
போதுமான அளவு.
காதில் விழுந்த ஓசைக்குக்
கைக்கு அகப்பட்ட எழுத்தை வைத்தாள்.
பிஸ்மில்லாஹ்வுக்கு நான்கு.
பொருள் கூட்டிப் படித்தால்:
ஒப்பிடு. இது. அரிசி. இழு.
அடுத்த வரியில் ஒரு குதிரை, கொஞ்சம் சேறு.
அந்தச் சேற்றில் நின்றுதான்
அறுபது ஆண்டு தொழுதாள்.

"போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று கேட்டாள் குய்யுன்.

"தெரியாது" என்றாள் ஆஹோங்.
சொன்னதும் காது சிவந்துவிட்டது.
"தேடிப் பார்க்கிறேன்."

மூன்று ஜும்ஆ கழிந்தது.
மழையோடு வந்தாள், குடையை வாசலில் சாய்த்தாள்.
"நாலு கிதாப் பார்த்துவிட்டேன்.
இரண்டு, இயலாதவர்களுக்கு இளகிக் கொடுக்கின்றன.
ஒன்று நிபந்தனை போடுகிறது.
நாலாவதில் அந்தப் பக்கத்தையே பூச்சி தின்றிருக்கிறது.
லான்ஜோவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்."
பிறகு போக மனமில்லாமல்
கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து
தோல் தேய்க்கப் பார்த்தாள்.
எல்லாம் சதுரமாக வந்தது.

மாவுக் கையைத் துடைத்துவிட்டுத்தான்
நோட்டைக் கேட்டாள்.
புரட்டினாள்.
நின்றாள்.
"சித்தி, இதென்ன?"

வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டம்.
முற்றுப்புள்ளி. சீனத்தில் அது வட்டம்தானே.
மூச்சு விடச் சொல்கிறாள் அம்மா என்று
குய்யுன் நாற்பது ஆண்டாக
அங்கங்கே மூச்சு விட்டிருக்கிறாள்.

"இல்லை" என்றாள் ஆஹோங்.
விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
முப்பத்தேழு வட்டம்.
முப்பத்தேழும்
தொண்டை எழுத்து விழவேண்டிய இடம்.
அதற்கு அம்மாவிடம் எழுத்தில்லை.
இல்லாததற்கு இன்னொன்றை வைக்கவுமில்லை.

தமிழிலும் அதற்கு எழுத்தில்லை.
ஆய்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்,
மூன்று புள்ளியும் போதவில்லை.
அதனால் இங்கே நானும்

○

குய்யுன் பேசவில்லை.
ஒரு தோலை எடுத்து அடுத்ததன்மேல் வைத்தாள்,
அதன்மேல் இன்னொன்று.
பிறகு கண்ணை மூடி
அடித்தொண்டையைத் திறந்தாள்.

கதவைத் தட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார்:
"அரைக் கட்டுத் தோல்.
என்னம்மா, சளியா?"