நான்கு கட்டம், ஐந்து கட்டம்

பர்கூர் பாலீஷ் பட்டறையில் பதினோரு வருஷம்.
கல்லுக்கு முகம் பார்க்கிற பளபளப்பு வந்தது.
என் விரல் ரேகை அதோடு போனது.

ரேஷன் கடைக் கருவி மூன்று முறை கேட்டுவிட்டு
நான் நான் இல்லை என்றது.
டச் போனும் அதே சாதி:
ஈரக் கையால் தொட்டால் யாருக்கோ போகும்,
காய்ந்த கையால் தொட்டால் யாருக்கும் போகாது.
ஒரு நாள் மேஸ்திரி கூப்பிட்டபோது
மூக்கால் தள்ளி எடுத்தேன்.
பட்டறையே மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

அன்று ராத்திரி
தையல் மிஷின் டிராயரில்,
பாபின்களுக்கும் கரண்ட் பில்லுகளுக்கும் அடியில்
பட்டன் போனைத் தேடி எடுத்தேன்.
முதுகு வீங்கியிருந்தது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கலீமுல்லா கடை.
ஒருவர் நிற்கலாம், இன்னொருவர் எட்டிப் பார்க்கலாம்.
பேட்டரியைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு சுண்டு.
பம்பரமாய்ச் சுற்றியது.
"சுத்துனா செத்துச்சுன்னு அர்த்தம்ணா.
நல்ல பேட்டரி நகராது."
எனக்குத் தெரிந்த சிலரை நினைத்துக்கொண்டேன்.

டூப்ளிகேட் நூற்றியெண்பது.
தின்னரில் நனைத்த பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க
உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் மாவு கொட்டியது.
"என்ன இது?"
"பாரடைசோ" என்றேன். "ஏற்றுமதிக் கல்."
விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு
பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

சின்னதாய் வெட்டிய சிம்முக்கு
பெரிய பிளாஸ்டிக் சட்டம், மேலே செல்லோடேப்.
அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி
ஓரத்தில் உட்கார்ந்தது; பேசவில்லை.
அந்தக் கம்பெனி இந்தப் போனில் வராதாம்.
நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றப் போனால்
அங்கேயும் விரலை வை என்றார்கள்.
வைத்தேன். வைத்தேன். வைத்தேன்.
கடைசியில் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு
போகச் சொன்னார்கள்.

உயிர் வந்ததும் போன் கேட்ட முதல் கேள்வி:
இன்று என்ன தேதி?
சொன்னேன்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
என் வார்த்தையை அத்தாட்சி கேட்காமல் நம்பிய மிஷின்
இதுவரைக்கும் அது ஒன்றுதான்.

ஏழாம் நம்பர் கொஞ்சம் முரண்டு.
கட்டைவிரலை ஊன்றி அழுத்த வேண்டும்.
அழுத்துவது எனக்குத் தெரியும்.
தொடுவதுதான் கடைசிவரை கைக்கு வரவில்லை.

ஒரே குறை, இதற்குத் தமிழ் தெரியாது.
எழுத்துக்கு ஒரு கட்டம்,
காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று,
மேலே வைக்கிற புள்ளிக்கும் ஒன்று.
கட்டி முடித்து ஆள் குடிவராத லைன் வீடுகள் மாதிரி
வரிசை வரிசையாக வரும் சேதி.
எண்ணப் பழகிவிட்டேன்.
பையன் பள்ளிக்கூடத்திலிருந்து
நான்கு கட்டம், இடைவெளி, எட்டு கட்டம் வந்தால்
நாளை விடுமுறை.
இரண்டு முறை சரியாக இருந்தது.

நேற்று ராத்திரி மணி ஒன்பதே கால்.
திம்மராயன் மேஸ்திரி எல்லாருக்கும் அனுப்பியது.
நான்கு கட்டம், இடைவெளி, ஐந்து கட்டம்.

விரல் விட்டு எண்ணினேன்.
'நாளை உண்டு' சரியாக உட்கார்ந்தது.
தண்ணீர் குடித்துவிட்டு இன்னொருதரம் எண்ணினால்
'வேலை இல்லை'யும் அதே வீடுகளில்
அதே மாதிரி குடியேறிவிட்டது.

போன வாரமே பேச்சு அடிபட்டது,
மூன்று கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறதென்று.
மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

"எனக்கு அனுப்பு, என் போன்ல படிச்சுச் சொல்றேன்"
என்றாள் ரூபாவதி.
சரி என்றேன். அனுப்பவில்லை.
அவளும் திரும்பக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது,
எறும்பு ஊருகிற சத்தத்தில் தொடங்கி
வீட்டையே உலுக்குகிற சத்தத்தில் முடிகிற பழைய அலாரம்.
அடுப்படியில் விளக்கு.
களி கிண்டிய துடுப்பைக் கழுவிக்கொண்டே,
முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்:
"எத்தனை உருண்டை வைக்கட்டும்?"

பட்டறை நாளென்றால் இரண்டு.
வீட்டிலிருந்தால் ஒன்று போதும்.

"ரெண்டு" என்றேன்.