ஐஸ் கம்பனி மதில்

காலை ஏழரைக்கு
பஸ் நிலையத்தடியில் ஏறினாள்.
பெயர் சொலான்ஜ். அறுபதுக்கு இந்தப் பக்கம்.
முழு நாளைக்கு ஐயாயிரம் என்றேன்.
பேரம் பேசவில்லை.
அதிலேயே எனக்குப் பயம் பிடித்தது.
காசில் பேரம் பேசாதவர்கள்
வேறெதையோ கேட்பார்கள்.

கோட்டை வாசலில் மான்கள்.
ஒன்று அவளுடைய வரைபடத்தின் மூலையைத் தின்றது.
கன்னியா வெந்நீர்க் கிணறுகளும்
கொஞ்சம் காடும் அதன் வயிற்றுக்குள் போயின.
செருப்புக்குக் காவலாக நான் கீழே நின்றேன்.
கோணேசரிடம் போய் வந்தவளின் நெற்றியில்
விபூதி, நெடுக்காக.
பாறையோரத்து மரத்தில் கட்டியிருக்கிற
அந்தச் சின்னத் தொட்டில்களில்
யார் தூங்குவது என்று கேட்டாள்.
இன்னும் வராதவர்கள், என்றேன்.
அவளுக்கும் எனக்கும் இடையில் ஓடியது
அரைகுறை இங்கிலீசு.
அதில் இதைவிட விளக்க முடியாது.

ஓட்டோவில் ஏறியதும் தொடங்கினாள்.
போர்த்துக்கேயர் இடித்தது பார்த்தேன்,
ஒல்லாந்தர் கட்டியது பார்த்தேன்,
இங்கிலீசுக்காரன் பெயர் வைத்தது பார்த்தேன்.
எங்கள் ஆட்களும் இங்கே வந்தார்களே,
கோட்டையைப் பிடித்தார்களே,
எங்கே எங்களுடையது?

வந்தார்கள்தான்.
கை கழுவ முன்னமே
எழும்பிப் போன விருந்தாளி மாதிரி.
ஒரு கல்லாவது வைத்தார்களா என்று
எனக்குத் தெரியாது.
ஆனால் ஐயாயிரம் ரூபாய் பின்னால் இருந்து
என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டைக் வீதி முடிவில் நிறுத்தினேன்.
கூரை பறந்து, கதவு களவு போய்,
பாதி மதிலோடு நிற்கிறது
பழைய ஐஸ் கம்பனி.
இதுதான், என்றேன். பிரெஞ்சு மதில்.

இறங்கினாள்.
தொப்பியைக் கழற்றினாள்.
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல்
உள்ளங்கையை வைத்தாள்.
கடற்காற்றில் சிப்பி உதிர்ந்து
அவள் விரலில் ஒட்டியது.
எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது.
ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தேன்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

நிஸ்தார், இங்கே வா.
இது என்ன எழுத்து?

முழங்கால் உயரத்தில்,
சீமெந்து ஈரமாயிருந்த ஒரு பின்னேரம்
ஆணியால் கீறிய 'நி'.
மேசன் சவிரிமுத்து தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்.
நான் அப்போது ஏழாம் வகுப்பு.
லீவு நாட்களில் மணல் சுமந்தேன்,
ஒரு சட்டிக்கு ஐந்து சதம்.
அடுத்த எழுத்துக்கு முன்
பிடரியில் விழுந்தது அடி.

பிரெஞ்சில் இந்த எழுத்து இல்லை, என்றாள்.
இல்லை, என்றேன்.
உன் பெயர் எதில் தொடங்குகிறது?

அலை இரண்டு தரம் வந்து போனது.
பந்து பொறுக்க வந்த பொடியன் ஒருவன்
எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு
பந்தை மறந்து நின்றான்.

அவள் சிரித்தாள்.
மதிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்து,
விபூதி உதிரச் சிரித்தாள்.
தன் ஊரின் பெயரைச் சொன்னாள்,
அது என் நாக்கில் நிற்கவில்லை.
அங்கேயும் ஆறு, கோட்டை, மணிக்கூண்டாம்.
முப்பது வருசமாக
மணிக்கூண்டில் டிக்கட் கிழிப்பது இவள்தானாம்.
மூன்றாம் படிக்கு மேலே சுவரில் ஓர் ஓட்டை.
பீரங்கிக் குண்டு, என்று சொல்லுவாளாம்.
வெள்ளைக்காரர், சீனர், பள்ளிக்கூடப் பிள்ளைகள்
எல்லோரும் விரலை விட்டுப் பார்ப்பார்களாம்.
வயர் இழுக்கத் தன் தம்பி
துளைபோட்டுப் பிழைத்த இடம் அது.

பிறகு படம் எடுத்தாள்.
மதிலை அல்ல.
என்னை முழங்காலில் இருக்கச் சொல்லி
அந்த 'நி'க்குப் பக்கத்தில்.

பின்னேரம் ஐயாயிரமும் தந்தாள்.
பொய்க்குத் தனியாக ஐந்நூறு.
கூடவே தோல் பையின் அடியிலிருந்து
மணிக்கூண்டு டிக்கட் ஒன்று,
கிழிக்காதது.

மாஷா அல்லாஹ் ஸ்டிக்கருக்குக் கீழே
அது வெயிலில் வெளிறிக்கொண்டிருக்கிறது.
நேற்று ஏறிய கண்டிச் சோடி கேட்டது,
அண்ணன், இங்கே பார்க்க வேறென்ன இருக்கு?
டைக் வீதிப் பக்கம் திருப்பினேன்.
என்ன சொல்வதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.