வறட்டி வீடு

சூரமங்கலத்தில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பித் தருபவர்
'குடும்பப் பெயர்?' என்றார்.
எனக்கு முன்னால் நின்ற ஆறு பேருக்கும்
அப்பன் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டு
நூற்றைம்பது வாங்கிக்கொண்டவர்.
நான் சொன்னதும் பேனாவை மூடினார்.

வ்ராட்டில்.

'என்னங்க அது, வறட்டியா?'

அறுபது வருஷமாக அதேதான்.

செங்கரட்டில் வெள்ளைக்கல் சூளை கட்ட வந்தவர்.
செக்கோஸ்லோவாகியா.
இரண்டு மழை சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி
குழிகளை நிரப்பும்வரை இருந்தார்.
கல் பொறுக்கப் போன சவரியாயிக்கு
நான் பிறந்தேன், கறுப்பாக,
அந்தக் குழிகளில் தேங்கிய தண்ணீரின் நிறத்தில்
இரண்டு கண்களோடு.
கப்பலேறும்போது திரும்பி வருவேன் என்றாராம்.
எந்த மொழியில் என்று அம்மா சொன்னதில்லை.

கூலிக்காரர்கள் வாயில் அவர் வறட்டி துரை.
நாங்கள் இருந்த ஓட்டு வீடு வறட்டி வீடு.
நான் வறட்டி ஊட்டுத் தனிஸ்லாஸ்.
பள்ளியில் 'வ.' என்றால் என்னடா என்று கேட்டால்
ஒரு வருஷம் வரதன்,
மறு வருஷம் வனத்தையன்.

லீட்ஸில் நர்ஸாக இருக்கும் மகள்
ஒரு குழாய் அனுப்பி
'இதுல துப்புங்கப்பா' என்றாள்.
துப்பினேன்.
நம் பாஷை முன்பே தெரிந்துதான் வைத்திருக்கிறது:
துப்பியதுதான் துப்பு.

பாதி இந்த மண், பாதி மொராவியா என்று வந்தது.
கூடவே யர்மிலா என்றொருத்தி வந்தாள்,
நிலப்பதிவு ஆபீஸில் ஓய்வு பெற்றவள்,
பிறத்தியார் வம்சத்தைத் தோண்டுவதில்
தூக்கம் கெட்டவள்.

வ்ராட்டில் என்றால், எழுதினாள்,
திரும்பி வந்தான்.
பெயர்ச்சொல்லே இல்லை, வினைமுற்று.
நமக்கு 'ஆன்' இருக்கும் இடத்தில்
அவர்களுக்கு ஒரு 'ல்'.
அங்கே இப்படி நிறையப் பேராம்:
அவசரப்பட்டான் என்று ஒரு டாக்டர்,
படுத்தே கிடந்தான் என்று ஒரு கடை,
குதித்தான் குடும்பத்தில் நேற்றுக் கல்யாணம்.
எவனோ ஒருநாள் செய்ததற்கு
ஊர் முந்நூறு வருஷம் வட்டி வாங்குகிறது.

எங்கிருந்து திரும்பினான்?
சண்டையிலிருந்தா, சிறையிலிருந்தா,
மறந்துவைத்த தொப்பியை எடுக்கவா?
யர்மிலாவுக்கும் தெரியாது.
எங்களிடம் வந்தவர் மட்டும்
இலக்கணப் பிழை.

அடுத்த மடல் இரண்டு மாதம் கழித்து.
அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும்
ஒய் குரோமோசோம்,
என்னுடையது
ஒரு வ்ராட்டிலோடும் பொருந்தவில்லையாம்.
பொருந்திய மூவருக்கும் பெயர் நெயெட்லி.
அதாவது, சாப்பிடாதவன்.
(அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.
கடைவாய்ப் பல்வலி.)

கோயில் ஏட்டில் கிடைத்ததாம்:
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று,
திரும்பி வந்தான் வீட்டு விதவையைக்
கட்டிக்கொண்டு உள்ளே போனான்
சாப்பிடாதவன் ஒருத்தன்.
அந்தக் காலத்தில் பெயர் ஆளுக்கு இல்லை, கூரைக்கு.
யார் குடியேறினாலும்
தாழ்ந்த நிலைப்படி தலையில் இடிப்பதுபோல்
பெயர் வந்து இடிக்கும்.
அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருப்பான்.
பிள்ளைகள் பிறந்தன, 'திரும்பி வந்தான்' என்றே.

முற்று வேறெவனுடையதோ.
எச்சம் நான்.

ஏட்டின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.
பழக்கதோஷத்தில் நான் கொடுத்திருந்தது
பழைய முகவரி.
அதை விற்றுப் பதினாலு வருஷம் ஆகிறது.
இப்போது இருப்பவர் மாதையன்,
மாரண்டஅள்ளிக்காரர், புரோட்டா மாஸ்டர்.

தபால்காரர் வாசலில் நின்று
'வறட்டி வீடுங்களா?' என்றிருக்கிறார்.
'ஆமாங்க' என்று
மாவுக் கையை லுங்கியில் துடைத்து
கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார் மாதையன்.

சாயங்காலம் போன் வந்தது:
'அண்ணா, எனக்கு வெளிநாட்டுல இருந்து
ஒரு தபால் வந்திருக்குது.
சித்த வந்து படிச்சுச் சொல்றீங்களா?'